மவுண்ட் ஏரியின் 740: சின்ன ஊர் கன்ட்ரி வானொலி ஒன்றைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினாவில் ராலே, கேரி பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். விருந்தாளிகள் வந்தால் மலைப்பக்கம் அழைத்துப் போவது வழக்கம். நான் அழைத்துப் போகிறவர்களை வழியில் மவுண்ட் ஏரியில் இறக்கிவிடுவேன். காரில் மீடியம் வேவ் 740-ஐயும் வைத்துவிடுவேன். அப்போது வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"மவுண்ட் ஏரி எங்க இருக்கு? அங்க அப்படி என்ன ரேடியோ ஸ்டேஷன்?"

வட கரோலினாவின் வடமேற்கில், சர்ரி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), வர்ஜீனியா எல்லையை ஒட்டி, புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். மக்கள்தொகை சுமார் 10,000. வெளியில் கிரானைட் குவாரிக்கும், நடிகர் ஆண்டி கிரிஃபித் பிறந்த இடம் என்பதற்கும் பெயர் பெற்றது. கன்ட்ரி பாடகி டோனா ஃபார்கோவும் இந்த ஊர்க்காரர்தான்.

நிலையத்தின் பெயர் டபிள்யூ.பி.ஏ.க்யூ. மிஸிஸிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலையங்களின் பெயர் பெரும்பாலும் டபிள்யூவில் தொடங்கும், மேற்கே உள்ளவை கே-யில். அதைத் தாண்டி அந்த எழுத்துகளுக்குள் ரகசியம் தேட வேண்டாம். 1948 பிப்ரவரி 2 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அன்று முதல் அந்த மலைப்பகுதியின் பிடில், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், தேவாலயப் பாட்டு ஆகியவைதான் அதன் மூச்சு.

"யார் ஆரம்பிச்சது? பெரிய கம்பெனியா?"

கம்பெனி இல்லை. ரால்ஃப் எப்பர்சன் என்ற தனி மனிதர். எல்லைக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியாவின் அராரட் கிராமத்துப் பிள்ளை. சிறுவயதிலிருந்தே வானொலிப் பெட்டிகளோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் சின்ன ஊர்களுக்கு வானொலி உரிமம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஊர் திரும்பிய இளைஞர்கள் பலர் நிலையம் தொடங்கினார்கள்; அவர்களில் இவரும் ஒருவர்.

ஆனால் அவர்களில் பலர் சில ஆண்டுகளில் நிலையத்தை விற்றார்கள், அல்லது ஒலிபரப்பும் இசையை மாற்றினார்கள். எப்பர்சன் 2006-ல் காலமாகும்வரை தன் வழியை மாற்றவில்லை. அவருக்குப் பின் மகன் பொறுப்பேற்றார். இந்தப் பிடிவாதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏன் என்பது கீழே வரும்.

"கன்ட்ரின்னா தொப்பி, கிட்டார்தானே? இதுல ஏன் பிடில் சத்தம்தான் தூக்கலா இருக்கு?"

தொப்பியும் மேடை விளக்கும் பின்னால் வந்தவை. கன்ட்ரி என்று பின்னாளில் விற்கப்பட்ட இசையின் அடிவேர்களில் ஒன்று இந்த மலைப்பக்கத்துப் பிடில் இசை. வீட்டு முற்றத்திலும் அறுவடை முடிந்த இரவிலும் நடனத்துக்காக வாசித்தது. பாட்டு அதில் இரண்டாம்பட்சம், காலுக்குத் தாளம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாத்தியம் நம் கச்சேரி மேடையில் இருக்கும் அதே வயலின்தான். நம் பெரியவர்களும் அதைப் பிடில் என்றுதான் சொன்னார்கள். இன்னொரு ஒற்றுமையைச் சொன்னால் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மேற்கத்திய வயலினில் நான்கு தந்திகளுக்கும் இடையே சீரான இடைவெளி வைத்துச் சுருதி கூட்டுவது வழக்கம். இந்த மலைக்காரர்களோ பல மெட்டுகளுக்குத் தந்திகளை மாற்றிக் கட்டுகிறார்கள். அவற்றில் மிகவும் பிரபலமான ஒரு கட்டுமுறை அப்படியே ச-ப-ச-ப! யாரும் யாரிடமும் கற்றதில்லை. வாசிக்காத தந்தியும் பக்கத்தில் ஒலித்துச் சுருதி கொடுக்க வேண்டும் என்ற தேவை இரண்டு ஊரிலும் இருந்தது, விடையும் ஒன்றாக அமைந்தது.

மவுண்ட் ஏரி பக்கத்துப் பாணிக்கு ரவுண்ட் பீக் என்று பெயர். அருகிலுள்ள ஒரு குன்றின் பெயர் அது. பிடிலும் மெட்டுக்கட்டை இல்லாத பாஞ்சோவும் ஒரே மெட்டை ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வாசிக்கும். டோஸ்ட் என்ற பக்கத்து ஊரில் வாழ்ந்த டாமி ஜாரெல் இந்தப் பாணியின் பெரிய ஆசான். நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்செய்யும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். 1982-ல் அமெரிக்க அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு முதன்முதலாக வழங்கிய தேசிய மரபு விருதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

"ஓல்ட்-டைம், புளூகிராஸ்னு ரெண்டு பேர் சொல்றாங்களே. ரெண்டும் ஒண்ணா?"

சொந்தக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. மேலே சொன்னது ஓல்ட்-டைம். எல்லோரும் சேர்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. புளூகிராஸ் 1940-களில் பில் மன்ரோவின் குழுவில் உருவெடுத்தது. வேகம் அதிகம், ஒவ்வொருவரும் முறை வைத்துத் தனி வாசிப்பார்கள், குரல் உச்சியில் நிற்கும்.

காதால் பிரித்தறியச் சுலபமான வழி பாஞ்சோ. ஓல்ட்-டைமில் நகத்தின் முதுகால் தந்தியை மேலிருந்து கீழே அடிப்பார்கள், கட்டைவிரல் குட்டைத் தந்தியை மீட்டும். டக்-டிக்கா என்று உருளும். புளூகிராஸில் மூன்று விரல்களில் மீட்டுவான்களை மாட்டிக்கொண்டு சரமாரியாக வாசிப்பார்கள். அந்த முறையை உலகுக்குக் காட்டிய ஏர்ல் ஸ்க்ரக்ஸும் வட கரோலினாக்காரர்தான். 1945 கடைசியில் மன்ரோவிடம் சேர்ந்தார். 740-ல் இரண்டும் வரும்.

"ரேடியோவுக்கு முன்னாடியே இந்த இசை இருந்துச்சே. ரேடியோ புதுசா என்ன செஞ்சது?"

பக்கத்துப் பள்ளத்தாக்கில் என்ன வாசிக்கிறார்கள் என்பதே தெரியாமல் இருந்தவர்களை ஒருவரையொருவர் கேட்க வைத்தது. 1922-ல் அட்லாண்டாவின் டபிள்யூ.எஸ்.பி. நிலையத்தில் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற முதிய பிடில்காரர் வாசித்தார். மறுவருடம் அவர் வாசிப்பு இசைத்தட்டாக வந்து விற்றுத் தீர்ந்தபோதுதான் கிராமத்து இசைக்கும் சந்தை உண்டு என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. 1924-ல் சிகாகோவில் நேஷனல் பார்ன் டான்ஸ் என்ற வானொலி நிகழ்ச்சி, 1925 நவம்பரில் நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் இன்னொரு பார்ன் டான்ஸ். இந்த இரண்டாவதுதான் 1927-ல் கிராண்ட் ஓல் ஆப்ரி என்று பெயர் மாறியது.

"நாஷ்வில்தான் கன்ட்ரிக்குத் தலைநகரம்னா, இந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு என்ன மவுசு?"

மார்கழியில் சென்னை சபாவில் பாடுவதற்கும் சொந்த ஊர்க் கோயில் திருவிழாவில் பாடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நாஷ்வில் நிலையம் 50,000 வாட் சக்தியோடு, இரவில் பாதி அமெரிக்காவுக்குக் கேட்டது. அங்கே மேடை ஏறினால் நட்சத்திரம். அதனால் அங்கே எல்லோருக்கும் பொதுவாகப் பிடிக்கும் இசை மேலே வந்தது. ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடுகள் மெல்ல மழுங்கின.

மவுண்ட் ஏரி நிலையம் தன்னைச் சுற்றியிருக்கும் சில கவுண்டிகளுக்கு மட்டும் பேசியது. வாசிப்பவரும் கேட்பவரும் ஒரே கடையில் மாவு வாங்குகிறவர்கள். ரவுண்ட் பீக் பாணியை ரவுண்ட் பீக் பாணியாகவே வாசித்தால்தான் அங்கே மரியாதை. பென்டன் ஃப்ளிப்பன் என்று ஒரு பிடில் கலைஞர். காலுறை ஆலையில் வேலை பார்த்தவர், இந்த நிலையத்தில் பல காலம் வாசித்தவர். விரலைத் தந்தியில் சறுக்கவிட்டுச் சுரத்தைப் பிடிக்கும் அவர் பாணி நம் காதுக்கு உடனே நெருக்கமாகிவிடும். நாஷ்வில் அவரை மெருகேற்றியிருக்கும். 740 அவரை அவராகவே விட்டது.

"சனிக்கிழமை மெரி-கோ-ரவுண்ட்னு சொல்றீங்களே, அது என்ன? நாம போய்ப் பார்க்கலாமா?"

நிலையம் தொடங்கிய 1948-லிருந்தே நடக்கும் வாராந்தர நேரலை. ஆரம்ப காலத்தில் நிலையத்தின் ஸ்டுடியோவிலிருந்தே ஒலிபரப்பானது. பிற்காலத்தில் ஊர் நடுவே மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஏர்ல் தியேட்டருக்கு, அதாவது பழைய சினிமா கொட்டகைக்கு, இடம் மாறியது. சனிக்கிழமை காலை 11 மணிக்குத் தொடங்கி மதியம் 1.30 வரை நடக்கும்.

தாராளமாகப் போகலாம். முடிந்தால் 9 மணிக்கே போய்விடுங்கள். நிகழ்ச்சிக்கு முன் வாத்தியம் கையில் உள்ள யாரும் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் ஜாம் நடக்கும். நான் அதிகம் ரசிப்பது இந்த நேரத்தைத்தான். எண்பது வயதுக்காரர் வில்லைத் தூக்கியதும் பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் அவர் விரலையே பார்த்துக்கொண்டு பின்தொடர்வாள். இசைக்குறிப்பு எழுதிய தாள் எதுவும் இல்லை. மெட்டு முடியப் போகிறது என்பதற்கு அடையாளம், முன்னால் வாசிப்பவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவது.

நேரலை தொடங்கியதும் மேடைக்கு முன்னால் உள்ள இடத்தில் முதியவர்கள் இறங்கி ஃபிளாட்ஃபுட் ஆடுவார்கள். உடம்பின் மேல்பாதி அசையாது, பாதம் மட்டும் தரையில் தாளம் போடும். ஷூவின் அடியில் உலோகத் தகடு தைத்திருப்பவர்களும் உண்டு. அந்தச் சத்தமும் மைக்கில் ஏறி ஒலிபரப்பில் வரும். காரில் கேட்கும்போது பின்னணியில் வரும் டக்டக் அதுதான், கோளாறு இல்லை.

நாட்டிலேயே நீண்டகாலமாக ஓடும் நேரலை வானொலி நிகழ்ச்சிகளில் இரண்டாவது என்று சிலரும் மூன்றாவது என்று சிலரும் சொல்வார்கள். இடைவெளி விட்டு நடந்தவற்றை எப்படிக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. முதலிடம் ஆப்ரிக்கு என்பதில் சண்டை இல்லை.

"வாசிக்கிறவங்களுக்குக் காசு கொடுப்பாங்களா? ஸ்டேஷனுக்கு வருமானம் எங்கிருந்து?"

அந்தக் காலத்துச் சின்ன நிலையங்களில் இசைக்குழுக்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அவர்களுக்குக் கிடைத்தது மைக். 'வெள்ளிக்கிழமை ராத்திரி இன்ன பள்ளிக்கூடத்தில் வாசிக்கிறோம், வாருங்கள்' என்று அறிவிக்கலாம், பாட்டுப் புத்தகம் விற்கலாம். மேற்கே, டென்னசி-வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டலில் டபிள்யூ.சி.ஒய்.பி. நிலையம் 1946 கடைசியில் தொடங்கிய மதிய நிகழ்ச்சியில் ஸ்டான்லி சகோதரர்கள் இப்படித்தான் பெயர் எடுத்தார்கள். மவுண்ட் ஏரியில் வாசித்தவர்களில் பலருக்கு இசை தொழிலே இல்லை. ஆலை வேலை, புகையிலைத் தோட்டம், குவாரி என்று பிழைப்பு வேறிடத்தில் இருந்தது.

நிலையத்துக்கு வருமானம் உள்ளூர் விளம்பரம்தான். உரக்கடை, மரச்சாமான் கடை, கார் விற்பவர் போன்றவர்கள். ஊரின் காலுறை, துணி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது அந்தக் கடைகளும் சுருங்கின. சின்ன ஊர் வானொலிகளை அதிகம் உலுக்கியது இந்தச் சரிவுதான் என்பது என் கணிப்பு.

"சாயங்காலம் ஆனா ஸ்டேஷன் காணாமப் போகுதே. என் கார் ரேடியோ கோளாறா?"

ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது. பகலில் 10,000 வாட்டில் ஒலிபரப்பும் இந்த நிலையம் இரவில் 7 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. அச்சுப்பிழை இல்லை, ஏழுதான். ஒரு குண்டு பல்புக்குக்கூட இதைவிட அதிக மின்சாரம் வேண்டும்.

காரணம் வானத்தில் இருக்கிறது. பகலில் மீடியம் வேவ் அலைகள் தரையை ஒட்டியே போகும். மேலே போகும் அலைகளை, சூரிய ஒளியால் உண்டாகும் டி என்ற அயனிமண்டல அடுக்கு விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அப்போது அலைகள் இன்னும் உயரத்தில் உள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். ராத்திரியில் தூரத்து நிலையங்கள் மிதந்து வருவதை மீடியம் வேவ் கேட்டு வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

சரி, அதனால் என்ன? 740 அலைவரிசையில் முன்னுரிமை பெற்ற நிலையம் சுமார் 800 கிலோமீட்டர் வடக்கே, கனடாவின் டொராண்டோவில் 50,000 வாட்டில் இருக்கிறது. நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தப்படி அதற்கு இரவில் யாரும் இடைஞ்சல் செய்யக் கூடாது. அமெரிக்காவில் இப்படிப் பொழுதோடு ஒதுங்கும் நிலையங்கள் ஏராளம். அவர்கள் வாழ்க்கையே சூரியனோடு கட்டியது. குளிர்காலத்தில் ஒலிபரப்பு நேரம் குறையும், கோடையில் நீளும். விவசாயிக்கும் அதே நேரக்கணக்குதான் என்பதால் அந்த ஊருக்கு அது பொருந்திப்போனது.

ஊரைத் தாண்டும்போது உயரமான ஒற்றைக் கம்பத்தைப் பார்த்துவிட்டு 'ஆன்டெனா எங்கே' என்று கேட்பவர்கள் உண்டு. மீடியம் வேவில் அந்தக் கம்பமேதான் ஆன்டெனா. 740-க்கு அலைநீளம் ஏறக்குறைய 405 மீட்டர். அதில் கால்பங்கு உயரமுள்ள டவர் என்றால் 100 மீட்டரைத் தாண்டும். இப்படிப்பட்ட டவர்களின் அடியிலிருந்து செம்புக் கம்பிகளை நாலாபுறமும் மண்ணுக்குள் பதிப்பது முறை, 120 கம்பிகள் என்பது வழக்கமான கணக்கு. பாதி நிலையம் பூமிக்குள் இருக்கிறது என்று சொல்லலாம்.

"பழைய ஒலிபரப்பெல்லாம் பத்திரமா இருக்கா?"

எல்லாம் இல்லை. ஆனால் எப்பர்சன் நேரலைகளை அசிடேட் தட்டுகளில் பதிவு செய்து வைத்தார். அலுமினியத் தட்டின் மேல் அரக்கு பூசி, வாசிக்க வாசிக்க ஊசியால் வரி கீறிப் பதிவது அந்த முறை. சில தடவை ஓட்டினாலே தேய்ந்துவிடும், பூச்சு உரிந்துவிட்டால் உள்ளே இருந்த இசை போனது போனதுதான். அப்படிப்பட்டதை ஒரு சின்ன நிலையம் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததே பெரிய காரியம். பழைய ஒலிபரப்புகளில் ஒரு பகுதி பின்னால் இசைத்தட்டாகவும் வந்தது.

"இது வெள்ளைக்காரங்க இசைதானே? இதுல கறுப்பினத்தவர் யாரையும் காணோமே?"

நேர்மையான கேள்வி, முழுப் பதில் தேவை. பாஞ்சோ ஆப்பிரிக்கர்களின் வாத்தியம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுவையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியங்களின் வழி வந்தது. மேலே சொன்ன, மேலிருந்து கீழே அடிக்கும் முறையும் அவர்களிடமிருந்து வந்ததே. இந்த மாநிலத்தில் கறுப்பினப் பிடில், பாஞ்சோ குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருந்தன.

1920-களில் தட்டுக் கம்பெனிகள் தெற்கத்தி இசையை இனம் பார்த்து இரண்டு பட்டியலாகப் பிரித்தன. வெள்ளையருக்கு ஹில்பில்லி, கறுப்பினத்தவருக்கு ரேஸ். இருவரும் ஒரே மெட்டை வாசித்தாலும் தனித்தனிக் கடை. வானொலியும் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஆப்ரியின் ஆரம்பகாலப் பெரும் நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகா கலைஞர். 1941-ல் அவரை நீக்கிவிட்டார்கள். பிறகு நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். சின்ன ஊர் நிலையங்களின் கதையை இனிமையாக மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

"மத்த ஊர்ல வர்ற கன்ட்ரி ஸ்டேஷன் எல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கு?"

டிவி வந்து சாயங்காலத்தைப் பறித்ததும் வானொலிகள் நேரலைக் குழுக்களை விட்டுத் தட்டுகளுக்கு மாறின. 1953-ல் டெக்சஸின் லபக்கில் கே.டி.ஏ.வி. என்ற நிலையம் முழுநேரமும் கன்ட்ரி என்று தொடங்கியது. பின்னாளில் ராக் அண்ட் ரோல் பாடகராகப் புகழ்பெற்ற பட்டி ஹாலி இளமையில் பாடிப் பழகிய நிலையம் அது. 1961-ல் நாடு முழுக்கவே அப்படிப்பட்ட முழுநேர நிலையங்கள் நூற்றுக்கும் குறைவு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அறுநூறைத் தாண்டின. எண்ணிக்கை பெருகப் பெருக, எல்லோரும் ஒரே வெற்றிப் பட்டியலைப் பார்த்துப் போடத் தொடங்கினார்கள். 1970-களின் கடைசியில் எஃப்.எம். முந்தியது, மீடியம் வேவ் நிலையங்களின் மதிப்பு சரிந்தது.

பெரிய அடி 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம். ஒரு நிறுவனம் நாடு முழுக்க இத்தனை நிலையங்கள்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை அது எடுத்துவிட்டது. சில ஆண்டுகளில் ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. எங்கோ ஒரு நகரத்தில் பதிவு செய்த குரல் பத்து ஊர்களில் உள்ளூர்க்காரர்போலப் பேசியது. ஊருக்குள் ஸ்டுடியோ இருக்க வேண்டும் என்ற விதியையும் 2017-ல் நீக்கிவிட்டார்கள்.

"அப்படின்னா 740 மட்டும் எப்படித் தப்பிச்சது?"

விற்கவில்லை, அது முதல் காரணம். குடும்பத்தின் கையிலேயே பல பத்தாண்டுகள் இருந்தது. இரண்டாவது, வாசிக்க ஆள் இருந்துகொண்டே இருந்தது. பக்கத்தில், வர்ஜீனியாவின் கேலக்ஸ் ஊரில் 1935 முதல் பிடில்காரர்கள் மாநாடு நடக்கிறது, மவுண்ட் ஏரியிலேயே 1972 முதல் ஜூன் மாதத்தில் நடக்கிறது. அங்கே பரிசு வாங்க ஆசைப்படும் பிள்ளைகள் சனிக்கிழமை மேடைக்கு வருகிறார்கள்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. எட்டும் தூரம் குறைவு, இரவில் 7 வாட் என்ற இந்தக் கட்டுப்பாடுகளால் நிலையத்தைப் பெரிய கைகள் வாங்க ஆசைப்பட அதிகக் காரணம் இருந்திருக்காது. கவலை இல்லாமல் இல்லை. புதிய கார்களில் ஏ.எம். ரேடியோவையே, அதாவது மீடியம் வேவ் கேட்கும் வசதியையே, எடுத்துவிடும் போக்கு வந்திருக்கிறது. அதைக் கட்டாயமாக்கும் மசோதா 2023-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. கார் ரேடியோ போனால் இம்மாதிரி நிலையங்களின் நேயர்களில் பெரும்பகுதி போய்விடும்.

"சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து கேட்கலாமா?"

கேட்கலாம், நிலையம் இணையத்திலும் ஒலிபரப்புகிறது. மெரி-கோ-ரவுண்ட் நம் ஊர் நேரப்படி அமெரிக்கக் கோடை மாதங்களில் சனிக்கிழமை இரவு 8.30-க்கும் குளிர்காலத்தில் 9.30-க்கும் தொடங்கும். சிங்கப்பூர், மலேசியாவில் இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை கேட்கும்போது எல்லா மெட்டும் ஒன்றுபோலத் தோன்றும், பயப்பட வேண்டாம். பாட்டை விட்டுவிட்டுப் பாஞ்சோவை மட்டும் பின்தொடருங்கள். மேலே சொன்ன டக்-டிக்காவா, சரமாரியா என்று பிரித்துப் பாருங்கள். அது பிடிபட்டதும் பிடிலுக்குப் போங்கள்.